படைக் கல்லூரிகளில் பெண்களின் உடற்பயிற்சி

கடக்வாஸ்லா ஏரியை நம் சங்கத்து அன்பர்களில் காணாதார் மிகச் சிலரே. ஞாயிறு மாலைகளில் நாம் சுட்ட சோளம் வாங்கித் தின்னும் கரைக்கு அப்பால் பரந்து கிடப்பது தேசியப் பாதுகாப்பு அகாதெமி. 1949-இல் டேராடூனில் முப்படைக்கும் பொதுவாகத் தொடங்கப்பெற்ற பயிற்சிப் பிரிவு, 1954-ஆம் ஆண்டின் இறுதியில் இங்குக் குடிவந்தது. அன்று முதல் ஏறத்தாழ 68 ஆண்டுகள் அதன் மைதானங்களில் ஓடியவரும் நீந்தியவரும் குதிரை ஏறியவரும் ஆடவரே. 2021 ஆகஸ்டு 18-இல் உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் அவ்வாண்டு நவம்பரில் பெண்களும் நுழைவுத் தேர்வு எழுதினர். 2022-இல் 19 இடங்கள் அவர்க்கென ஒதுக்கப்பட்டன. மூன்றாண்டுப் பயிற்சியை முடித்து 2025 மே 30-ஆம் நாள் 17 பெண்கள் அணிவகுத்து வெளியேறினர்.

இச்செய்தி வந்த நாள் முதல் நம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்து வருகிறது. ‘சமத்துவம் என்றால் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும், அதே ஓட்டம், அதே சுமை, அதே நேரம்’ என்பார் ஒரு சாரார். ‘பெண்ணுடல் அதற்கு ஏற்றதன்று, வீணாக எலும்பை முறித்துக் கொள்வானேன்?’ என்பார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் குரலை உயர்த்துவதில் வல்லவர். உடலைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் விலங்கியல் பயிலும் மாணவி. கிர்க்கிப் பாளையத்தில் பூட்ஸ் ஓசை கேட்டுக் கண் விழித்து வளர்ந்தவள். ஆகவே இவ்வழக்கில் உடலின் தரப்பைச் சற்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில், மறுக்க முடியாத வேற்றுமைகளைச் சொல்லிவிடுவோம். பெண்ணின் குருதியில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஆணினும் நூற்றுக்கு 12 பங்கு அளவில் குறைவு. இதயத்தின் பருமனும் சற்றுச் சிறிது. நன்கு பயின்ற ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டாலும், உடல் எடைக்குக் கணக்கிட்டு, உட்கொள்ளக் கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு பெண்களிடம் நூற்றுக்கு 10 முதல் 15 வரை குறைந்திருக்கிறது. கால்களின் வலிமை ஆடவர் வலிமையில் பத்தில் ஏழு பங்கை ஒட்டியும், தோள், கை வலிமை பாதிக்குச் சற்று மேலாகவும் இருக்கும். இவையெல்லாம் சராசரிகள். சராசரி ஆடவனை விஞ்சிய பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. படைக் கல்லூரியின் வாயிலைத் தட்டுபவரும் சராசரிப் பெண்கள் அல்லர். எனினும் வேற்றுமையே இல்லை என்று சாதிப்பது அறிவியலாகாது.

இவற்றினும் கருதத்தக்கது எலும்பின் செய்தி. 1855-இல் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் என்பவர், நீண்ட நடைப்பயிற்சிக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். அடிபடவில்லை, விழவில்லை, ஆயினும் நடக்க முடியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், 1897-இல்தான் அது பாத எலும்பில் விழுந்த மெல்லிய கீறல் என்று தெரிந்தது. ‘நடை முறிவு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. ஒரே அடியில் ஒடிவதன்று அது. ஆயிரமாயிரம் சிற்றடிகளால் களைத்துப் போய் விரிவது.

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்று எண்ணுவோர் பலர். அது ஓயாமல் தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொள்ளும் உயிர்ப்பொருள். புதிய பாரம் வந்தால் அதற்கேற்ப வலுப்பெறும். 1892-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் வுல்ஃப் இதனை விதியாகவே வகுத்துரைத்தார். ஆனால் வலுப்பெறும் முறையில்தான் ஓர் இடுக்கண் இருக்கிறது. பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்பும் கொத்தனாரைப் போல, முதலில் பழைய எலும்பை அரிக்கும் அணுக்கள் வேலை செய்கின்றன. கட்டும் அணுக்கள் பின்னரே வருகின்றன. இடிப்பதற்குச் சில வாரங்கள் போதும். கட்டி முடிக்கவோ மாதங்கள் வேண்டும். இடையில் உள்ள நாட்களில் எலும்பு முன்னிலும் நலிவாகவே இருக்கிறது. சுவரை இடித்துப் போட்ட வாரத்தில் பெருமழை வந்தால் வீடு என்னாகும்? பயிற்சியின் மூன்றாம், நான்காம் வாரங்களில் நடை முறிவு மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம் என்பர்.

இது ஆடவர்க்கும் உள்ளதே. ஆனால் பெண்ணின் கால் எலும்பு குறுக்களவில் ஒடுக்கமானது. பாரம் அதே எனின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் விழும் அழுத்தம் மிகுதி. ஆகவே ஒரே பயிற்சியை ஒரே நாளில் தொடங்கும் ஆடவரையும் பெண்களையும் ஒப்பிட்டால், பெண்களிடம் இம்முறிவு இரு மடங்கும் அதற்கு மேலும் காணப்படுவது பல நாட்டுப் படைகளின் அனுபவம். பிரிட்டனில் 1998-இல் ‘ஆண் பெண் வேற்றுமை பாராப் பயிற்சி’ என்ற முறையைத் தரைப்படையில் கொண்டுவந்தனர். அதுவரை ஓயாத உழைப்பால் நேரும் காயங்களுக்காகப் பயிற்சியிலிருந்து மருத்துவக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கு 4.6 பேர். புது முறை வந்தபின் 11.1 பேர் ஆயினர். ஆடவரிடையே இவ்வெண் முன்னும் பின்னும் 1.5-க்கு உட்பட்டே இருந்தது. சமத்துவத்தின் பெயரால் செய்யப்பட்டது, நூற்றுக்கு ஆறேழு பெண்களை மிகுதியாக வீட்டுக்கு அனுப்பியது. இது சிப்பாய்ப் பயிற்சி நிலையங்களின் கணக்கு, அதிகாரிகளை ஆக்கும் கல்லூரியினது அன்று. ஆயினும் எலும்பு பதவி பார்ப்பதில்லையன்றோ?

‘பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரியாயிற்று’ என்று இரண்டாம் சாரார் எழுந்து நிற்பர். சற்று அமர்ந்து ஆஸ்திரேலியாவின் கதையையும் கேட்க வேண்டுகிறேன்.

அந்நாட்டுத் தரைப்படையின் புதுப் பட்டாளத்தார் பயிற்சி நிலையத்தில், பெண்களுக்கு இடுப்பெலும்பில் நடை முறிவு கண்டது. 143 பெண்கள் கொண்ட ஒரு தொகுதியில் 16 பேர்க்கு, அதாவது நூற்றுக்கு 11.2 பேர்க்கு இது நேர்ந்தது. இடுப்பெலும்பு ஏன் முறிய வேண்டும்? ஆராய்ந்தபோது காரணம் மிக எளியதாய் இருந்தது. அணி நடையில் எல்லாரும் ஒரே எட்டு வைக்க வேண்டும். படை நடையின் எட்டு வழக்கமாக 30 அங்குலம். நிமிடத்துக்கு 120 எட்டுகள். ஆறடி ஆடவனுக்கு இயல்பான எட்டு, ஐந்தடி இரண்டு அங்குலப் பெண்ணுக்கு இயல்பானதன்று. அவள் ஒவ்வோர் அடியிலும் காலை வலிந்து நீட்டுகிறாள். முதுகில் சுமை, விரைவோ மணிக்கு 7.5 கிலோமீட்டர். நீட்டிய காலின் தசைகள் இடுப்பெலும்பின் கீழ்க்கிளைகளை இருபுறமும் பிடித்து இழுக்கின்றன. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் எட்டுகள்!

அவர்கள் செய்த மாற்றங்களைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். நடை விரைவை மணிக்கு 5 கிலோமீட்டராகக் குறைத்தனர். சாலை நடையில் ஒரே எட்டு வைக்க வேண்டுவதில்லை, அவரவர் எட்டில் அவரவர் நடக்கலாம் என்றனர். அணியில் ஆளுக்கு ஆள் இடைவெளியை அகற்றினர். ஓட்டத்தைக் கெட்டித்தரையிலிருந்து மென்தரைக்கு மாற்றினர். நெடுந்தூர ஓட்டம் சிலவற்றுக்கு மாற்றாக விட்டு விட்டு ஓடும் முறையைப் புகுத்தினர். அடுத்து வந்த 161 பெண்களில் இடுப்பெலும்பு முறிந்தவர் ஒரே ஒருவர்.

இந்த 16-க்கும் 1-க்கும் இடையே பெண்ணுடல் மாறிவிடவில்லை. மாறியது பயிற்சி. அதிலும் மாறியது பயிற்சியின் வழியேயன்றி, முடிவில் எட்ட வேண்டிய இடம் அன்று. ‘எல்லாம் ஒன்றாகவே’ என்பாரும் ‘ஏற்றதன்று’ என்பாரும் வழியையும் இடத்தையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்கின்றனர் என்பதே என் கருத்து. எட்ட வேண்டிய இடம் பணியால் அமைவது: காயம்பட்ட தோழனைத் தூக்கிச் செல்ல வேண்டுமாயின், அவன் எடை தூக்குபவர் ஆணா பெண்ணா என்று பார்த்துக் குறையாது. ஆனால் அங்குச் செல்லும் வழி உடலால் அமைவது. ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டிய சுமையை மூன்று வாரத்தில் ஏற்றினால் படையின் தரம் குன்றிவிடாது.

சரி, வழியை மாற்றினாலும் இடத்தை எட்ட முடியுமா? 1990-களின் இடையில் அமெரிக்கத் தரைப்படையின் நேட்டிக் ஆய்வுக்கூடத்தார் இதைச் சோதித்தனர். 46 பெண்களை எடுத்துக்கொண்டனர். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு ஒன்றரை மணி, மொத்தம் 24 வாரம் பயிற்சி. வெறும் ஓட்டமன்று, பளு தூக்குதல், முதுகுச் சுமையோடு நடத்தல், ஓட்டம் ஆகியவை கலந்தது. தொடக்கத்தில் அப்படையின் மிகக் கடினமான தூக்கும் வேலைகளுக்குத் தகுதி பெற்றிருந்தவர் நூற்றுக்கு 24 பேர். ஆறு மாதத்துக்குப் பின் நூற்றுக்கு 78 பேர். 34 கிலோ சுமையோடு இரண்டு மைல் செல்லும் விரைவும் தெளிவாகக் கூடியிருந்தது. அதற்கு முன் அவர்களில் பெரும்பாலார் பளுவைத் தொட்டறியாதவர். ‘பெண்ணால் முடியாது’ என்று நாம் கண்டதில் பெரும்பகுதி, ‘பெண்ணுக்குக் கற்பிக்கவில்லை’ என்பதாயிற்று.

நாட்டில் அதிகாரிகளை ஆக்கும் கல்லூரிகளுக்கு வருவோம். இத்துறையில் மிகுதியாக எழுதப்பட்டது அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியைப் பற்றியே. 1976 ஜூலை 7-ஆம் நாள் முதன்முதலாக 119 பெண்கள் அங்குச் சேர்ந்தனர். 1980-இல் பட்டம் பெற்றவர் 62 பேர். (ஆடவரிலும் பலர் இடையில் விலகினர் என்பதை விலகிய பெண்களை எண்ணுவோர் மறந்துவிடுகின்றனர்.) முதற்கோடையிலேயே அம்மாணவியர் பலர்க்கு மாதவிலக்குத் தடைப்பட்டது. உடல் செலவிடும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிட்டாதபோது, அவசரமில்லாத செலவுகளை உடல் நிறுத்திவைக்கிறது. முதலில் நிறுத்துவது இதனை. இது வெறும் மாதக்கணக்கு அன்று. இதனோடு குறையும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரே எலும்பைக் காப்பது; அது நீங்கினால் முன் சொன்ன கொத்தனார் இடித்த சுவரைக் கட்டாமலே போய்விடுவார். ஆகவே பயிற்சி பெறும் பெண்ணுக்கு வேளைச் சோறும் பயிற்சியின் ஒரு பகுதி. மெலிய வேண்டும் என்று தட்டில் பாதியை ஒதுக்குபவள் ஓட்டத்தில் பின்தங்குவதோடு நில்லாமல், எலும்பையும் பணயம் வைக்கிறாள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 5,201 அமெரிக்கக் கடற்படைப் பெண்களில் ஒரு பகுதியினர்க்கு எட்டு வாரம் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ‘டி’யும் கொடுத்துப் பார்த்தனர், நடை முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

நம் நாட்டில் இன்னொரு குறையும் சேர்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர்க்குச் சோகை உண்டு. இரும்புச் சத்துக் குறைந்த குருதியோடு ஓடுபவளுக்கு மூச்சு வாங்குவது அவள் மனத்திட்பக் குறையால் என்று பயிற்சியாளர் எண்ணினால் அது பிழை.

விளையாட்டைப் பற்றி ஒரு சொல். படைக் கல்லூரிகளில் காலை உடற்பயிற்சியும் மாலை விளையாட்டும் தனித்தனி. கடக்வாஸ்லாவில் நீச்சல், குதிரையேற்றம், ஹாக்கி, கால்பந்து, கூடைப்பந்து, நெடுந்தூர ஓட்டம் என எல்லாம் உண்டு. பிரிவுக்குப் பிரிவு போட்டியும் உண்டு. பயிற்சி உடலை வளர்க்கிறதெனில், விளையாட்டு களைத்த பின்னும் எண்ணிச் செயல்படக் கற்பிக்கிறது. ஆனால் துள்ளிக் குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களின் முழங்கால் நடுவிலுள்ள இணைப்பு நார் அறுந்துபோவது ஆடவரினும் பன்மடங்கு மிகுதி. காரணம் பெரும்பாலும் குதித்து இறங்கும் முறையில் உள்ளது: முழங்காலை மடக்காமல், உள்நோக்கிச் சாய விட்டு இறங்குதல். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், விளையாட்டுக்கு முன் கால் மணி நேரம் சரியாக இறங்கப் பழக்கினால் இக்காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. குத்துச்சண்டையோ வேறு கதை. வெஸ்ட் பாயிண்டில் முன்பு ஆடவர்க்கு மட்டும் அது கட்டாயம். பெண்களுக்குத் தற்காப்புக் கலை. 2016 முதல் பெண்களுக்கும் கட்டாயமாக்கினர். அடிவாங்கியும் அஞ்சாமல் நிற்கக் கற்பது அதிகாரிக்கு வேண்டும் என்பது அவர் வாதம். மூளை அதிர்ச்சியை எண்ணினால் ஆடவர்க்கே அது வேண்டுமா என்று எனக்கு ஐயமுண்டு. அது நிற்க.

நமக்கு மிக நெருங்கிய சான்று சென்னையிலேயே இருக்கிறது. பரங்கிமலையடிவாரத்தில் 1963-இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, இப்போதைய பயிற்சி அகாதெமி, 1992-இல் முதல் தொகுதியாக 25 பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதலில் பெண்களுக்குப் பயிற்சிக் காலம் ஏறத்தாழ ஆறு மாதமே. ஆடவர்க்கு உள்ளதுபோல் 49 வாரம் ஆக்கியது பின்னர். கடினமானதைக் குறைப்பதாக எண்ணிக் காலத்தைக் குறைத்தது தலைகீழான கருணை. பெண்ணின் எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது கூடுதல் காலமேயன்றிக் குறைந்த காலமன்று. காலம் சமமான பின்னர், 2010-இல் சென்னையைச் சேர்ந்த திவ்யா அஜித்குமார் ஆடவர் பெண்டிர் அனைவரையும் விஞ்சி, தலைசிறந்த பயிற்சியாளர்க்குரிய கௌரவ வாளைப் பெற்றார். அதனைப் பெற்ற முதற்பெண் அவரே. 2015 குடியரசு நாளன்று தில்லியில் தரைப்படையின் பெண்கள் அணியை நடத்திச் சென்றவரும் அவரே.

தேர்வு அளவுகளைப் பற்றிச் சொல்லாவிடின் விடுதி அன்பர்கள் என்னை விடமாட்டார்கள். பொறியியல் பட்டதாரிகளைச் சேர்ப்பதற்கான தரைப்படையின் அண்மைக்கால அறிவிப்புகளில், 2.4 கிலோமீட்டர் ஓட ஆடவர்க்கு 10 நிமிடம் 30 நொடி, பெண்களுக்கு 13 நிமிடம் என்றும், தரையில் கையூன்றி எழுவதில் ஆடவர்க்கு 40, பெண்களுக்கு 15 என்றும் குறித்திருந்தனர். ஓட்டத்தைக் கணக்கிட்டால் பெண்ணுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 24 பங்கு மிகுதியான நேரம் கிடைக்கிறது. உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர்களிடையே ஆண் பெண் இடைவெளி நூற்றுக்கு 10, 12 அளவே. அப்படியாயின் எஞ்சிய பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? அது இயற்கை வகுத்ததன்று. பத்து வயதில் தம்பியை மைதானத்துக்கும் அக்காளை அடுக்களைக்கும் அனுப்பிய வீடும், பெண்கள் பிரிவில் விளையாட்டு மணியைத் தையல் மணியாக்கிய பள்ளியும் வகுத்தது. அந்தப் பன்னிரண்டைப் பத்தொன்பது வயதில், ஐம்பது வாரத்துக்குள் படைக் கல்லூரி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஈடுகட்ட விரையும்போதுதான் எலும்பு முறிகிறது.

நம் சங்கத்து மாணவியரில் இருவர் மூவர் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதிப் பரங்கிமலையில் சேர எண்ணியிருப்பதை அறிவேன். அவர்க்குச் சில சொல்வேன். அழைப்புக் கடிதம் வந்தபின் ஓடத் தொடங்க வேண்டாம். ஆறு மாதம் முன்னரே தொடங்குங்கள். ஓட்டத் தூரத்தையும் விரைவையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாதீர்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறையுங்கள். அந்த வாரம் கொத்தனாருக்கு. தார்ச்சாலையை விட்டு மைதானத்து மண்ணில் ஓடுங்கள். காலின் முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் ஓடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒருமுறை ஹீமோகுளோபின் சோதனை செய்துகொள்ளுங்கள். கீரையும் பயறும் உண்ட கையோடு தேநீர் அருந்தும் விடுதி வழக்கத்தை விடுங்கள். தேநீர் உணவின் இரும்பை உடலில் சேரவொட்டாது, ஒரு மணி கழித்துக் குடிக்கலாம். தோள் வலிமைக்கு மைதானத்து இரும்புக் கம்பி போதும். முதல் வாரம் பத்து நொடி தொங்குங்கள். பின் நாற்காலி மீதேறி மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்து மெல்ல மெல்ல இறங்குங்கள். இறங்கப் பழகிய கை சில மாதங்களில் தானே ஏறவும் தொடங்கும். மாலை ஐந்தரை மணிக்கு மேல் கம்பி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.